பெயர் கேட்கும் சபை

டெல்லி சட்டசபையில் கேட்பதற்காகக் காசிமாயன் எழுதிய கேள்விகளில் முதலில் பலித்தது ஒரு கிணற்றைப் பற்றியது.

திண்டுக்கல் போகும் பாதையில் ஒரு சின்ன ரயில்வே ஸ்டேஷன். மூன்றாம் வகுப்புப் பயணிகளுக்கு அங்கே குடிக்கத் தண்ணீர் கிடையாது. 'பல ஸ்டேஷன்களில் தண்ணீர் இல்லை என்பது சர்க்காருக்குத் தெரியுமா?' என்று முதல் தடவை எழுதினான். குறிப்பான விவரம் தந்தால் விசாரிக்கப்படும் என்று பதில் வந்தது. இரண்டாம் தடவை ஸ்டேஷனின் பெயர், தேதி, வண்டி வந்த நேரம், தாகத்தில் மயங்கி விழுந்த அம்மாளின் பெயர், அவளைத் தூக்கிய இரண்டு பேரின் பெயர் எல்லாவற்றையும் சேர்த்து எழுதினான். ஐந்தாம் மாதம் அங்கே கிணறு வெட்டினார்கள்.

பெயர் இருந்தால்தான் சர்க்கார் அசையும் என்று அன்றைக்கு அவன் முடிவு கட்டிக்கொண்டான். ஒரு கிணற்றை வைத்து அவ்வளவு பெரிய முடிவுக்கு வரலாமா என்று கேட்டுக்கொள்ளும் வயது அவனுக்கு அப்போது ஆகவில்லை. இருபத்து நான்கு வயது.

கேள்வியை எழுதுவது அவன். சபையில் எழுந்து கேட்பது வக்கீல் கூடலிங்கம் பிள்ளை. 1934-ஆம் வருஷத்துத் தேர்தலில் ஜெயித்து டெல்லி போனவர் அவர். வடக்கு மாசி வீதியில் அவர் வீட்டு முன்னறைதான் ஆபீஸ். அங்கே இரண்டு மேஜைகள். ஒன்றில் காசிமாயன், மனுக்களைப் பிரித்துக் குறிப்பெடுக்கும் குமாஸ்தா. மற்றதில் டைப் அடிக்கும் முகம்மது கனி. கனிக்குக் காஜிமார் தெருவில் வீடு, காசிமாயனைவிடப் பத்து வயது மூப்பு. அவர் வாய் ஓய்ந்து யாரும் பார்த்ததில்லை.

நாகமலைக்கு மேற்கே மொட்டக்கரடு என்ற ஊரில் பிறந்தவன் காசிமாயன். அந்த ஊரில் பி.ஏ. படித்த ஒரே ஆள். அந்த வட்டாரத்தில் அவன் சாதியில் பிறந்த ஆண்மக்களை எல்லாம் சர்க்கார் குற்றப் பரம்பரை என்று பதிவேட்டில் எழுதி வைத்திருந்தது. களவு செய்தவனும் செய்யாதவனும் அதில் ஒன்றுதான். கட்டைவிரல் ரேகை கொடுக்க வேண்டும். ராத்திரியானால் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய் ஆஜர் சொல்லிவிட்டு அங்கேயே படுக்க வேண்டும். வெளியூர் போவதென்றால் ராதாரிச் சீட்டு என்ற அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். எங்கே போகிறான், எத்தனை மணிக்குத் திரும்புவான் என்று அதில் எழுதியிருக்கும். படிக்கிறவன் என்பதால் காசிமாயனுக்கு மட்டும் விலக்குக் கிடைத்திருந்தது. ஊரில் இருந்த நாட்களில், சாயங்காலமானால் ஆண்கள் எல்லாம் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு ஸ்டேஷன் பாதையில் நடக்க, அவன் ஒருவன் மட்டும் வீட்டில் புத்தகம் பிடித்து உட்கார்ந்திருப்பான். அந்த நேரத்தில் எழுத்து ஒன்றும் தலையில் ஏறாது.

1936 தை மாதம் அவன் தங்கை செல்லத்தாயின் புருஷன் சுருளி ஆபீசுக்கு வந்தான். வந்தவன் உட்காரவில்லை. மடியிலிருந்த சீட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே நின்றான்.

"உக்காரு மாப்ள."

"பொழுது சாயறதுக்குள்ள ஊர் சேரணும் மச்சான். இங்க எம்புட்டு நேரமாச்சு?"

"பதினொண்ணுதான் ஆகுது" என்றார் கனி. "சூரியனுக்கும் ராதாரிச் சீட்டு குடுத்திருக்கா மாப்ள? அது பாட்டுக்கு நாலு மணிக்கே இறங்கிடப் போகுது."

சுருளி சிரித்தான். அவனுக்கு நல்ல சிரிப்பு. முகம் முழுக்கப் பரவும். சிரித்து முடித்துவிட்டு வந்த காரியத்தைச் சொன்னான். கண்மாய்த் தண்ணீரை முறைவைத்துப் பாய்ச்சுகிறார்கள். அவன் வயலுக்கு முறை வருவது ராத்திரியில். ராத்திரி அவன் ஸ்டேஷனில் இருக்க வேண்டும். செல்லத்தாய் ஒற்றை ஆளாக மண்வெட்டி பிடித்து மடை திறந்தால், மேல்மடைக்காரன் வந்து அடைத்துவிட்டுப் போகிறான். நெல் பால் பிடிக்கிற நேரம். வயல் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கிறது.

"எங்களை விட்டுருங்கன்னு கேக்கல மச்சான். முறைத்தண்ணி ஓடுற ரெண்டு மாசத்துக்கு ஆஜர் நேரத்தை மாத்தி வைக்கச் சொல்லுங்க. வந்து தலையக் காட்டிட்டு வயலுக்குப் போயிருவோம். அம்புட்டுத்தான்."

இவ்வளவு சின்னக் கோரிக்கையைக் காசிமாயன் அந்த மேஜையில் பார்த்ததே இல்லை. அதனாலேயே அவனுக்கு நம்பிக்கை வந்தது.

"எத்தனை பேருக்கு இந்தச் சங்கடம்?"

"ராத்திரி முறைக்காரன் பதினோரு பேரு."

"பதினோரு பேர் பேரும் எழுதி, ரேகையும் வச்சுக் கொடுத்தா டெல்லியில கேள்வியாக் கேக்க வைக்கிறேன்."

சுருளியின் சிரிப்பு நின்றுவிட்டது. "ரேகையா?"

மொட்டக்கரட்டில் ரேகை என்பது சாதாரண வார்த்தை அல்ல. ஸ்டேஷனில் ரேகை வைத்துவிட்டு வருகிறவன் ஊர் எல்லையிலேயே நின்று, கரம்பை மண்ணை அள்ளிக் கட்டைவிரலில் மை போகத் தேய்த்துக் கழுவிவிட்டுத்தான் வீட்டுக்குள் நுழைவான். மை விரலோடு பிள்ளையைத் தொடமாட்டான். பத்திரத்துக்கு ரேகை வைக்கக் கூப்பிட்டால்கூட இரண்டு நாள் இழுத்தடிப்பார்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காசிமாயன் காகிதத்தோடும் மைப்பெட்டியோடும் ஊருக்குப் போனான். பதினோரு பேரும் வந்து நின்றார்கள். யாரும் முதலில் கை நீட்டவில்லை.

"மச்சான் வச்சிருக்கது நம்ம மை" என்றான் சுருளி. "இதுல என்ன இருக்கு?" முதல் ரேகையை அவன் வைத்தான். பிறகு மற்றவர்கள் வைத்தார்கள். அன்றைக்கு யாரும் எல்லைக்குப் போய் விரல் கழுவவில்லை. மை விரலைக் காட்டிக்காட்டிக் கேலி பேசிக்கொண்டார்கள். செல்லத்தாய் அண்ணனுக்குக் கோழி அடித்துக் குழம்பு வைத்தாள். காசிமாயனுக்கு அன்றைக்கு இருந்த நிறைவு வாழ்க்கையில் பிறகு எப்போதும் வரவில்லை.

கனி அந்தக் காகிதத்தை டைப் அடிக்க எடுத்தவர் அடிக்காமல் கையை அப்படியே வைத்துக்கொண்டார்.

"ஏப்பா, பேரை எதுக்குப் போடுற? ஊர் பேரு போதாதா?"

"பேர் இல்லாட்டி விவரம் கொடுன்னு திருப்பிடுவாக பாய். கிணத்து விஷயம் மறந்துபோச்சா?"

"கிணறு வெட்டினது ரயில்வே. தாகம்னு சொன்ன பொம்பளையப் புடிச்சு விசாரிக்க ரயில்வேக்காரனுக்கு என்ன அக்கறை? இது அப்படியா? டெல்லிக்காரன் யாரைப் போயி விசாரிப்பான்? மெட்ராசைக் கேப்பான். மெட்ராஸ் கலெக்டரைக் கேக்கும். கலெக்டர் யாரைக் கேப்பாரு?"

கனி சொன்னது காசிமாயனுக்குக் கேட்கத்தான் செய்தது. ஆனால் டெல்லி என்பது அவன் மனத்தில் ஸ்டேஷனைவிட மிகப் பெரியது. பெரிய இடத்தில் பதிவான பெயரைச் சின்ன இடம் தொடாது என்று நினைத்தான். படித்தவன் செய்கிற தப்பு அது. ஊரில் இருந்த எந்தக் கிழவனும் அதைச் செய்திருக்கமாட்டான்.

பிள்ளை அந்தக் கேள்வியை மாசி மாதம் சபையில் கேட்டார். நன்றாகவே கேட்டார். பத்திரிகையில் அவர் பெயரோடு ஒரு பத்தி வந்தது. உள்நாட்டு இலாகாவின் மெம்பர் எழுந்து, மாகாண சர்க்காரிடம் விவரம் கேட்டிருப்பதாகவும் வந்ததும் சபையின் மேஜைமேல் வைக்கப்படும் என்றும் சொன்னார்.

காகிதம் கனி சொன்ன வழியிலேயே இறங்கியது. மெட்ராஸ், கலெக்டர், போலீஸ் சூப்பிரண்டு, கடைசியில் மொட்டக்கரட்டுக்காரர்கள் தினமும் படுக்கப் போகிற அதே ஸ்டேஷன். அங்கே அதைச் சரிபார்க்க யாரும் சிரமப்பட வேண்டியிருக்கவில்லை. பதினோரு பேரின் ரேகையும் ஏற்கெனவே அவர்கள் பதிவேட்டில் இருந்தது.

பங்குனி கடைசியில் பத்துப் பேர் எங்களுக்கு ஒரு குறையும் இல்லை, வக்கீல் வீட்டுக் குமாஸ்தா சொல்லித்தான் வைத்தோம் என்று எழுதிக் கொடுத்தார்கள். எழுதிக் கொடுத்தவர்களைக் காசிமாயன் பிறகு பார்த்தான். இரண்டு பேரால் சரியாக நடக்க முடியவில்லை. சுருளி எழுதிக் கொடுக்கவில்லை. முதல் ரேகை அவனுடையது என்பதால் அவன்தான் தூண்டிவிட்டவன் என்று ஆகி, வடக்கே எங்கோ இருந்த செட்டில்மெண்டுக்கு அனுப்பினார்கள். முள்வேலி போட்ட குடியிருப்பு. உள்ளேயே வேலை, உள்ளேயே சாப்பாடு. பெண்டாட்டியையும் கூட்டிப்போகலாம் என்றார்கள். சுருளியின் தாயார் படுத்த படுக்கையாக இருந்ததால் செல்லத்தாய் போகவில்லை.

காசிமாயன் தங்கை வீட்டுக்குப் போனபோது அவள் அழவில்லை.

"எப்ப விடுவாகளாம்?" என்று கேட்டாள்.

"தெரியல தாயி. நான் எப்படியாச்சும் கூட்டிட்டு வாரேன்."

"சரிங்கண்ணே. நீங்க பாத்துச் செய்ங்க."

அதுவரைக்கும் அவள் அவனை நீ, வா, போ என்றுதான் பேசிவந்தாள்.

பிள்ளையிடம் போய்ச் சொன்னான். பிள்ளை நல்ல மனுஷன், உண்மையிலேயே வருத்தப்பட்டார். "அடுத்த செஷனில் பார்த்துக்கலாம் தம்பி. இப்ப உடனே கிளறினா இன்னும் நாலு பேரைத் தூக்குவான்" என்றார். அடுத்த செஷனில் மாகாணத் தேர்தல் வந்தது. அதற்கடுத்து அவருக்கு மகள் கல்யாணம். பிறகு யுத்தம்.

அந்தக் காலத்தில்தான் காசிமாயன் ஒன்றைத் தனக்குள் சொல்லிக்கொள்ள ஆரம்பித்தான். கேள்வி எழுதியது ஒருவன், கேட்டது இன்னொருவர். அதனால்தான் கை நழுவியது. இரண்டும் ஒரே ஆளாக இருந்திருந்தால் பெயரைக் காப்பாற்றியிருக்கலாம். ஆக, நான் அந்த நாற்காலிக்குப் போக வேண்டும். போனால்தான் சுருளியை மீட்க முடியும். சுருளிக்காகத்தான் ஏறுகிறேன் என்று அவன் நம்பினான். ஆனால் ஏறுவதே அவனுக்குப் பிடித்துப்போயிற்று. அது தெரிந்தபோது சங்கடப்பட்டான். சங்கடப்பட்டுக்கொண்டே அடுத்த படியில் கால் வைத்தான்.

1938-இல் பிள்ளை அவனைக் காரியதரிசி என்று சொல்லி டெல்லிக்குக் கூட்டிப்போனார். கதர்க் கோட்டு தைத்துக்கொண்டான். சபையின் மேல்மாடத்தில் உட்கார்ந்து, தான் எழுதிய வார்த்தைகளைப் பிள்ளையின் குரலில் கேட்டான். எந்த அதிகாரியிடம் எதை எப்போது கேட்க வேண்டும் என்பது மனத்தில் படிந்தது. மதுரைக்கு வந்தால் வாக்காளர் பட்டியல் வேலை. விளாங்குடியிலிருந்து திருவாதவூர் வரைக்கும் ஓட்டுள்ளவன் ஒவ்வொருவனுடைய வீட்டுக் கல்யாணமும் துக்கமும் அவனுக்கு அத்துப்படி. நிலவரி கட்டுகிறவனுக்குத்தான் ஓட்டு. மொட்டக்கரட்டில் மொத்தம் மூன்று ஓட்டுகள். தொகுதிக்காக ஊர் ஊராக அலைந்தவன் அந்த மூன்று ஓட்டுக்காக ஒருநாள்கூட ஊர்ப்பக்கம் போகவில்லை. நேரமில்லை என்று சொல்லிக்கொண்டான்.

வருஷத்துக்கு இரண்டு தடவை சுருளியை விடுவிக்கச் சொல்லி மெட்ராசுக்கு எழுதினான். 'பரிசீலனையில் இருக்கிறது' என்று பதில் வரும். அதை மடித்து வைக்கும்போது தன் கடமை முடிந்ததுபோல் ஒரு நிம்மதி வரும். அந்த நிம்மதி வருகிறதே என்று பயமாகவும் இருக்கும்.

1943-இல் ஒருநாள் யாரும் எதிர்பார்க்காமல் சுருளி வந்து சேர்ந்தான். ஏழு வருஷத்துக்குப் பிறகு. எப்படி விட்டார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை. ஊரே திரண்டு போய்ப் பார்த்தது. காசிமாயனும் போனான். முகம் முழுக்கப் பரவுகிற அந்தச் சிரிப்பு இல்லை.

"உடம்பு எப்படியிருக்கு மாப்ள?"

"இருக்கு மச்சான்."

"நான் எழுதிக்கிட்டேதான் இருந்தேன்."

"செல்லத்தாய் சொல்லுச்சு."

சுருளி பழையபடி சாயங்காலம் துண்டைப் போட்டுக்கொண்டு ஆஜருக்குப் போனான். மற்றவர்களோடு சேர்ந்து நடக்காமல், கொஞ்சம் முன்கூட்டியே தனியாகப் போனான். ஸ்டேஷனில் அவனை ஏட்டையா உள்ளே கூப்பிட்டு வைத்துப் பேசுகிறார் என்று ஊரில் முணுமுணுத்தார்கள். அவன் வந்தால் பேச்சை நிறுத்தினார்கள்.

1945-இல் பிள்ளைக்கு நெஞ்சுவலி வந்தது. தேர்தல் அறிவித்திருந்த நேரம். அவரே கட்சிக்காரர்களைக் கூப்பிட்டு, "என் இடத்தில் காசிமாயன் நிற்கட்டும். எனக்குத் தெரிந்த சபை எல்லாம் அவன் எழுதிக் கொடுத்ததுதான்" என்றார். மேற்கே அவன் சாதிக்காரர்கள் இருக்கும் பகுதியில், அடுத்து வரும் மாகாணத் தேர்தலுக்கு ஆள்பலம் வேண்டும் என்று கட்சியும் கணக்குப் போட்டது. நிறுத்தினார்கள். ஜெயித்தான்.

மதுரையில் மாலை போட்டார்கள். பழங்காநத்தத்திலிருந்து கொட்டு மேளத்தோடு ஊர்வலம் விட்டார்கள். "நம்ம ஆபீஸ்ல நாற்காலி ஆட்டம் ஆடுதுன்னு பத்து வருஷமா சொல்லிக்கிட்டிருந்தியே, இப்ப டெல்லி நாற்காலி" என்று கனி கட்டிப்பிடித்தார். "துவா செய்றேன்ப்பா. பேரை மட்டும் பார்த்துப் போடு."

மறுநாள் காலை மொட்டக்கரட்டில் வரவேற்பு. கூட்டம் கலைந்த பிறகு சுருளி அவனைக் களத்துமேட்டுப் பக்கம் கூப்பிட்டான். ஏழு வருஷமும் இரண்டு வருஷமும் பேசாத பேச்சை அன்று பேசினான்.

"மச்சான், டெல்லியில நம்ம ஊரைப் பத்தி ஒண்ணும் கேக்காதீக."

"ஏன் மாப்ள? அதுக்குத்தானே இம்புட்டும்."

"என்னைச் சும்மா விடல. உன் மச்சான் அடுத்து நிக்கப்போறாராமே, அவரு வாயத் தொறந்தா நீ திரும்ப அங்கதான்னு சொல்லித்தான் விட்டாக. ரெண்டு வருசம் முந்தியே சொன்னாக மச்சான். நீங்க நிக்கப்போறது அப்ப உங்களுக்கே தெரியாது, அவுகளுக்குத் தெரிஞ்சிருக்கு."

தன்னை ஏற்றிவிட்டது பிள்ளை என்றும், தன் உழைப்பு என்றும் காசிமாயன் நினைத்திருந்தான். ஏறும் ஒவ்வொரு படியையும் கீழேயிருந்து யாரோ குறித்துக்கொண்டே வந்திருக்கிறார்கள்.

செல்லத்தாய் கூடையோடு அந்தப் பக்கம் வந்தவள் நின்று கேட்டிருக்கிறாள்.

"கேக்காதீகன்னு சொல்ற ஆளு இவரு" என்றாள். "நான் சொல்றேன், கேளுங்கண்ணே. ஏழு வருசம் நான் ஒத்தையில மடை தொறந்தேன். இவரு திரும்பி வந்தாரா? வந்தது பாதி ஆளுதான். கேக்காமயே இருந்தா மிச்சப் பாதியும் இங்கனயே போயிரும்."

"உனக்கென்ன, உள்ள போறது நீயா?" என்று சீறினான் சுருளி.

அவள் கூடையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு போய்விட்டாள்.

1946 ஜனவரியில் சபை கூடியது. முதல் ஐந்து வாரம் காசிமாயன் வாய் திறக்கவில்லை. பக்கத்து நாற்காலிக்காரர்கள் உப்பைப் பற்றியும் ரேஷன் துணியைப் பற்றியும் கேட்டார்கள். பேசாமல் இருப்பது சுருளிக்காகவா, தன் பயத்துக்காகவா என்று அவனுக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. மதுரையிலிருந்து ஒரு பத்திரிகை, புது மெம்பர் டெல்லி குளிரில் உறைந்துவிட்டாரா என்று எழுதியது. அது குத்தியது. அது குத்தியதால்தான் கேள்வி எழுதினோமோ என்ற சந்தேகம் பிறகு அவனை விடவே இல்லை.

பெயர் இல்லாத கேள்வியாக எழுதினான். மாகாணம் முழுதுக்கும் பொதுவாக: செட்டில்மெண்டுகளில் எத்தனை பேர் இருக்கிறார்கள், விவசாயக் காலத்தில் ஆஜர் நேரத்தை மாற்ற சர்க்கார் உத்தேசித்திருக்கிறதா. ஊர் இல்லை, ஸ்டேஷன் இல்லை, ஒரு ஆள் பெயர் இல்லை. நான்கு தடவை படித்துப் பார்த்தான். எந்தப் பக்கம் பிடித்தாலும் கையில் சிக்காத கேள்வி.

அவன் முறை வந்தது, எழுந்து கேட்டான். பதில் சொல்ல வந்த அதிகாரி உயரமான ஆள், வெள்ளைக்காரர், மரியாதையானவர். எண்ணிக்கையைப் படித்தார். பிறகு காகிதத்திலிருந்து தலையை நிமிர்த்தி, கண்ணியமான குரலில், "மதிப்புக்குரிய மெம்பர் பொதுவாகக் கேட்கிறார். அவர் மொட்டக்கரடு என்ற கிராமத்தைச் சேர்ந்தவர் என்று அறிகிறேன். பத்து வருஷம் முன்பு இதே சபையில் அந்தக் கிராமத்தைப் பற்றி ஒரு கேள்வி வந்தது. அங்கே இப்போதைய நிலைமையை உடனே விசாரித்துச் சபைக்கு அறிவிப்பதில் சர்க்காருக்கு மகிழ்ச்சி" என்றார்.

அக்கம்பக்கத்தில் சிலர் மேஜையைத் தட்டினார்கள். ஒருவர் குனிந்து, "முதல் கேள்வியிலேயே விசாரணைக்கு உத்தரவு வாங்கிட்டீங்களே" என்று கை கொடுத்தார்.

காசிமாயன் சபையைவிட்டு வெளியே வந்து அன்றைய ரயிலிலேயே ஏறினான். பத்து வருஷம் குமாஸ்தாவாக இருந்தவனுக்கு ஒரு காகிதம் எந்த மேஜையில் எத்தனை நாள் தூங்கும் என்று தெரியும். டெல்லியில் மூன்று, மெட்ராசில் நான்கு, கலெக்டரிடம் இரண்டு. நமக்கு முன்னால் போகாது என்று வழி நெடுக விரல்விட்டு எண்ணிக்கொண்டே வந்தான். நாகபுரி தாண்டும்போது 'உடனே' என்று அந்த அதிகாரி சொன்ன வார்த்தை ஞாபகம் வந்தது. பிறகு எண்ணவில்லை.

மதுரை ஸ்டேஷனில் கனி நின்றிருந்தார். இவன் தந்தி கொடுக்காமலே அவர் வந்திருந்தார்.

"பேப்பர்ல பார்த்தேன். இந்த வண்டிக்கு நீ வருவேன்னு தோணுச்சு" என்றார். அன்றைக்கு அவர் கேலி ஒன்றும் பேசவில்லை. "நேத்துச் சாயங்காலம் ஆஜருக்குப் போன சுருளி விடிஞ்சும் வீடு திரும்பலையாம். உன் தங்கச்சி காலையில ஆளு விட்டுச்சு. நானும் கூட வரவா?"

"வேணாம் பாய்."

நண்பகலுக்கு அவன் ஊர்ப்பக்கத்துப் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய்ச் சேர்ந்தான். சப்-இன்ஸ்பெக்டர் சின்ன வயசுக்காரர். எழுந்து வந்து வணங்கி நாற்காலி போட்டார்.

"வாங்க சார். நீங்க வருவீங்கன்னு தெரியும். தந்தி முந்தாநாளே வந்திருச்சு. நானும் பி.ஏ.தான் சார், உங்க காலேஜ்தான். உங்களைப் பத்தி எங்க வாத்தியார் பெருமையாப் பேசுவாரு."

"சுருளி எங்கே?"

"உள்ளதான் இருக்கான். சாப்பிட்டுட்டான். யாரும் ஒரு அடி அடிக்கலை சார், நீங்களே பார்க்கலாம்." மேஜையைத் திறந்து ஒரு காகிதத்தை எடுத்து அவன் பக்கம் திருப்பி வைத்தார். "விசாரணை முடிஞ்சது. நீங்க ஒரு கையெழுத்து போட்டா அவன் இப்பவே வீட்டுக்குப் போகலாம். இல்லேன்னா என்கிட்ட இன்னொரு உத்தரவும் இருக்கு. அதைப் பத்தி நாம பேச வேண்டாமே."

நான்கு வரி. மொட்டக்கரடு கிராமத்தில் ஆஜர் முறையால் எவருக்கும் கஷ்டம் இல்லை என்று கிராமத்தார் தெரிவித்தார்கள். அந்தத் தொகுதியின் சட்டசபை மெம்பர் நேரில் வந்திருந்து அதைக் கேட்டுத் திருப்தி அடைந்தார். இங்கிலீஷ் குற்றம் சொல்ல முடியாதபடி இருந்தது. இந்த வேலையைத் தன்னிடம் கொடுத்திருந்தால் தானும் இப்படித்தான் எழுதியிருப்போம் என்று காசிமாயனுக்குத் தோன்றியது. அடியில் பதினெட்டு ரேகைகள். முதல் ரேகை சுருளியுடையது.

"அவனைப் பார்த்துட்டுக் கையெழுத்து போடுறேன்."

கூட்டி வந்தார்கள். உடம்பில் காயம் இல்லை. சுருளி சுவரை ஒட்டி நின்றான். அவன் பார்வை சப்-இன்ஸ்பெக்டர் மேலும் இல்லை, காசிமாயன் மேலும் இல்லை. நடுவில் தரையில் எங்கோ இருந்தது.

"மாப்ள, நான் என்ன செய்யட்டும்?"

அதை ஏன் கேட்டோம் என்று கேட்டவுடனே தோன்றியது. சுமையை அவன் தலையிலேயே திருப்பி வைக்கிற கேள்வி அது. சுருளி மைக் கறை படிந்த கட்டைவிரலை வேட்டியில் தேய்த்துக்கொண்டிருந்தான்.

காசிமாயன் கையெழுத்துப் போட்டான். பெயருக்குக் கீழே பதவியையும் எழுதச் சொன்னார் சப்-இன்ஸ்பெக்டர். எழுதினான்.

"ரொம்ப நன்றி சார். இனிமே நீங்க எப்ப சபையில என்ன கேட்டாலும் எங்களுக்கு ஒரு தகவல் சொல்லிட்டா நல்லது. உங்களுக்கும் இந்த அலைச்சல் இருக்காது" என்று வாசல் வரைக்கும் வந்து வழியனுப்பினார்.

வரப்பில் நடந்தார்கள். சுருளி நான்கு அடி பின்னால் வந்தான். காசிமாயன் நின்றால் அவனும் நின்றான்.

"கூட வா மாப்ள."

"பரவால்ல மச்சான், நீங்க நடங்க. எனக்கு இப்படிப் பழகிப்போச்சு."

செல்லத்தாய் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். புருஷனை மேலும் கீழும் பார்த்தாள். உள்ளே போய்ப் படுக்கச் சொன்னாள். அவன் போன பிறகு அண்ணன் பக்கம் திரும்பினாள்.

"சும்மாவா விட்டாக?"

"கையெழுத்து போட்டேன். இங்க யாருக்கும் குறையில்லைன்னு."

அவள் ஏசவில்லை. ஏசியிருந்தால் அவனால் தாங்கியிருக்க முடியும். செம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அவன் குடித்து முடிக்கும் வரைக்கும் பக்கத்திலேயே நின்றாள்.

"அந்தச் சபையில உங்களுக்கு எத்தனை வருசம்ணே?"

"மூணு வருசம்."

"மூணு வருசமா?" என்றாள். ஜெயிலுக்குப் போகிறவனிடம் எத்தனை வருஷம் போட்டார்கள் என்று கேட்கிற குரலில் கேட்டாள். செம்பை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள்.